யாருக்குத் தைக்கிறோமோ அவரிடமே கேட்கும் தையலகம்: வடசேரி பிளவுஸ் தையல் மதிப்புரை

கன்னியாகுமரி மாவட்டத்தில் சேலைக் கடைகளுக்குக் குறைவில்லை. நாகர்கோவில் செம்மாங்குடி சாலை தொடங்கி மார்த்தாண்டம் வரை, பட்டு, பருத்தி, செயற்கை இழை என்று எந்த விலையிலும் சேலை கிடைக்கிறது. ஒரே கரையும் ஒரே முந்தானையும் கொண்ட சேலையை ஒரே கல்யாண வீட்டில் நான்கு பேர் உடுத்தி வருவதும் இப்போது வழக்கமாகிவிட்டது. ஆகவே தனக்கு எது பிடிக்கும், தான் எப்படித் தெரிய விரும்புகிறாள் என்பதை ஒரு பெண் உடையில் சொல்ல நினைத்தால், அதற்கு மிஞ்சியிருக்கும் இடம் பெரும்பாலும் பிளவுஸ்தான். கை எவ்வளவு நீளம், கழுத்து எவ்வளவு இறக்கம், முதுகு மூடியிருக்க வேண்டுமா திறந்திருக்க வேண்டுமா, கொக்கி முன்னாலா பின்னாலா என்பவையெல்லாம் தையற்காரரிடம் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டியவை. சேலைக்குக் கொடுத்ததைவிடத் தையலுக்கும் ஆரி வேலைக்கும் (கொக்கி ஊசியால் போடும் பூத்தையல்) கூடுதலாகச் செலவழிக்கும் குடும்பங்கள் இங்கே பல உண்டு. அதை வீண்செலவு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இந்த மதிப்புரை, வடசேரியில் ஒரு பக்கத் தெருவில், வீட்டின் முன்னறையில் நடக்கும் ஒரு தையலகத்தைப் பற்றியது. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. நடத்துகிற அக்கா தம் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கையில் இருக்கிற வேலையையே சொன்ன நாளில் முடிக்க முடியாத நிலையில் புதிதாக ஆட்களை வரவழைப்பது நியாயமில்லை என்கிறார். அவர் விருப்பப்படியே எழுதுகிறேன். மாவட்டம் முழுவதும் இதுபோன்ற முன்னறைத் தையலகங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அவற்றில் எதை நம்பிப் போவது, அங்கே எதைக் கேட்டு வாங்குவது, எதில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதை, நன்றாகத் தைக்கிற ஓரிடத்தை முன்னால் வைத்துக்கொண்டு பேசினால் மற்ற ஊர்களில் இருப்பவர்களுக்கும் பயன்படும் என்பதால்தான் எழுதுகிறேன்.

முன்னறையில் தையல் இயந்திரங்கள், ஓரம் அடிக்கும் ஓவர்லாக் இயந்திரம், துணி வெட்டுவதற்கு ஒரு நீளமான மேசை, சுவரோரம் சாய்த்து வைத்த ஆரிச் சட்டம் ஆகியவை இருக்கின்றன. அக்காவோடு இரண்டு இளம்பெண்கள் வேலை செய்கிறார்கள். துணி வெட்டுவது மட்டும் அக்காவின் கையால்தான் நடக்கிறது. தைப்பதை அந்தப் பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள். முன்னறைத் தையலகங்களில் தையலின் நேர்த்தியைவிட வெட்டின் நேர்த்திதான் முதலில் பார்க்க வேண்டியது என்பதால் இந்த ஏற்பாடு எனக்குச் சரியாகப் படுகிறது.

பெரும்பாலான இடங்களில் நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்தால் போதும். அதை விரித்துப் போட்டு, அப்படியே புதிய துணியில் வெட்டிவிடுவார்கள். அளவு ஜாக்கெட்டில் ஏற்கெனவே இருக்கிற குறைகளும் அப்படியே புதியதற்கு வந்துவிடும் என்பது இந்த முறையின் பெரிய குறை. இந்த அக்கா அளவு ஜாக்கெட்டை வாங்கி வைத்துக்கொண்டாலும், அதை நம்பி மட்டும் வெட்டுவதில்லை. முழு உயரம், தோள், மேல்மார்பு, மார்புச் சுற்று, இடுப்புச் சுற்று, கைச்சுற்று, கைநீளம், முன்கழுத்து, பின்கழுத்து என்று உடம்பில் நாடா வைத்து எடுக்கிறார். எடுத்த பிறகு கையை மேலே தூக்கச் சொல்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து முன்னால் குனியச் சொல்கிறார். இவற்றையெல்லாம் செய்யும்போது எந்த இடத்தில் துணி இழுக்கும், எங்கே மேலேறும் என்பதைப் பார்த்துக் குறிப்பேட்டில் தனியாக எழுதிக்கொள்கிறார். பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வேலைக்குப் போகிறவருக்கும், நாள் முழுவதும் கரும்பலகையில் எழுதுகிற ஆசிரியைக்கும், நாளெல்லாம் மேசை முன் உட்கார்ந்திருப்பவருக்கும் கைக்குழி ஒன்றாக இருக்க முடியாது. கைக்குழி தாழ்ந்துபோனால் கையைத் தூக்கும்போது பிளவுஸ் முழுவதும் மேலே வரும். மிகவும் ஏறிப்போனால் அக்குளில் வெட்டும். இந்த அரை அங்குலத்தில்தான் ஒரு பிளவுஸ் தினமும் உடுத்துகிற பிளவுஸாக ஆவதும், பீரோவுக்குள் முடங்கிப்போவதும் இருக்கிறது.

நாடாவை எடுப்பதற்கு முன்பே அவர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “எங்க போட்டுட்டுப் போறதுக்கு மக்களே?” (‘மக்களே’ என்பது எங்கள் பேச்சில் ஒருவரை அன்போடு விளிக்கும் சொல்.) இடத்தைத் தெரிந்துகொண்ட பிறகுதான் துணியைத் தொட்டுப் பார்க்கிறார்.

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் உண்டு. மழை இல்லாத மாதங்களிலும் கடற்காற்றின் ஈரம் உடம்பில் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே உள்ளே கொடுக்கிற லைனிங் துணி, வெளியே தெரிகிற துணியைவிட முக்கியமானது. இங்கே பருத்தி லைனிங் மட்டுமே கொடுக்கிறார்கள். அதை வாங்கி வந்தவுடன் வெட்டிவிடாமல் தண்ணீரில் நனைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே வெட்டுகிறார்கள். நனைக்காத பருத்தி லைனிங் முதல் சலவையிலேயே சுருங்கி, வெளித்துணியை உள்ளே இழுத்து, தையலோரம் முழுவதும் சுருக்கம் விழச் செய்யும். இதை நனைக்கும் நேரம் கிடைக்கவில்லை என்று சொல்கிற இடங்களில் நான் துணி கொடுப்பதில்லை. பக்கத் தையலில் உள்ளே ஓர் அங்குலத்துக்கு மேல் துணி விடுகிறார்கள் என்பதும் பாராட்ட வேண்டியது. பிள்ளை பெற்ற பிறகும், வயது கூடும்போதும், உடம்பு மாறும்போதும் அந்தத் தையலைப் பிரித்துவிட்டு அதே பிளவுஸை உடுத்திக்கொள்ளலாம். கழுத்துக்குக் கொடுக்கிற பட்டியைத் துணியின் இழைக்குச் சாய்வாக, கிராஸாக வெட்டுவதால் வளைவில் நெளிவதில்லை. கொக்கிகளைக் கையாலேயே தைக்கிறார்கள், அதுவும் இறுக்கமாக.

இவையெல்லாம் நல்ல தையற்காரர் எவரும் செய்யக்கூடியவைதான். இந்த இடத்தைப் பற்றித் தனியாக எழுதத் தோன்றியதற்குக் காரணம், கழுத்தைப் பற்றி அவர் கேட்கும் விதம். கல்லூரியில் படிக்கிற பெண்ணை அம்மா அழைத்துவருவார். புதுமணப்பெண்ணை மாமியார் அழைத்துவருவார். கழுத்து எவ்வளவு இறக்கம் வைக்கலாம் என்று கேட்டவுடன் அழைத்துவந்தவர்தான் முதலில் பதில் சொல்வார். அக்கா அந்தப் பதிலைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, நாடாவோடு அந்தப் பெண்ணைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய், “உனக்கு எது வேணும்னு நீ சொல்லு மக்களே, நீதான போடப்போற” என்று மறுபடியும் கேட்கிறார். அவள் மெல்லிய குரலில் சொல்கிற அளவுதான் குறிப்பேட்டில் ஏறுகிறது. வெளியே வந்தபின் அம்மாவோ மாமியாரோ மறுத்தால், அவர்கள் இருவரும் பேசி முடிக்கட்டும் என்று பொறுத்திருக்கிறாரே தவிர, அளவைத் தாமாக மாற்றுவதில்லை. வீட்டார் எண்ணத்துக்கு மாறாகக் கேட்பவர்கள் இறக்கமான கழுத்தைக் கேட்பவர்கள் மட்டும் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கழுத்தை ஒட்டிய மூடிய பிளவுஸ் வேண்டும் என்று சொல்லி, இந்தக் காலத்துப் பெண் இப்படிக் கேட்கிறாளே என்று வீட்டார் வியக்கும்படி நிற்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் அங்கே ஒரே மரியாதை.

இந்த ஒரு கேள்வி எனக்கு ஏன் இவ்வளவு பெரிதாகப் படுகிறது என்றால், நம் ஊரில் ஒரு பெண் மேலே எதை எப்படி உடுத்த வேண்டும் என்பதை அரசாணை போட்டு முடிவு செய்த காலம் ஒன்று இருந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்பகுதியாக இருந்தபோது, நாடார் உள்ளிட்ட பல சாதிப் பெண்கள் மார்பையும் தோளையும் மறைக்கும் தோள்சீலை அணிவது தடுக்கப்பட்டிருந்தது. 1810-களில் கர்னல் மன்றோ ரெசிடெண்டாக (பிரிட்டிஷ் பிரதிநிதியாக) இருந்தபோது, கிறிஸ்தவத்துக்கு மாறிய பெண்கள் குப்பாயம் என்னும் மேற்சட்டை அணிய அனுமதி கிடைத்தது. லண்டன் மிஷனைச் சேர்ந்த மீட் பாதிரியாரின் மனைவி வகுத்துக் கொடுத்த தளர்வான மேற்சட்டையைப் பெண்கள் அணியத் தொடங்கினார்கள். குப்பாயத்தோடு நின்றுவிடாமல் அதன் மேல் தோள்சீலையையும் அவர்கள் போட்டுக்கொண்டபோது, சந்தையிலும் தெருவிலும் வைத்து அவை கிழிக்கப்பட்டன. 1829-ஆம் ஆண்டு அரசு அறிவிப்பு, குப்பாயத்தை ஒப்புக்கொண்டு தோள்சீலையை மறுத்தது. 1858-லும் 1859-லும் கலவரங்கள் மூண்டன. சென்னை ஆளுநர் டிரெவெலியன் தலையிட்டார். 1859 ஜூலை 26 அன்று மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் அறிவிப்பு வெளிவந்தது. நாடார் பெண்கள் குப்பாயம் அணிந்துகொள்ளலாம், மீனவப் பெண்களைப்போல் முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், வேறு எந்த விதத்திலும் மார்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல் மட்டும் உடுத்தக் கூடாது என்றது அந்த அறிவிப்பு.

அந்தக் கடைசி நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். உடலை மறைக்கும் உரிமையைக் கொடுத்த அதே வரியில், எந்தத் துணியில், எந்த மாதிரியில் என்பதை அரசு தன் கையிலேயே வைத்துக்கொண்டது. நம் பாட்டிகளின் பாட்டிகள் போராடியது ஒரு துண்டுத் துணிக்காக மட்டும் என்று நினைத்தால் அதில் பாதிதான் புரியும். மற்றவர்கள் உடுத்துவதையே, அவர்கள் உடுத்துவதைப்போலவே தாங்களும் உடுத்த வேண்டும் என்பதற்காகத்தான் அவர்கள் அடி வாங்கினார்கள். ஒன்பதாம் வகுப்பு மத்திய பாடநூலில் இருந்த இந்தப் பகுதி 2019-இல் நீக்கப்பட்டது என்பதில் எனக்கு ஆழ்ந்த வருத்தம் உண்டு. 2023 மார்ச் 6 அன்று நாகர்கோவிலில் தமிழ்நாடு, கேரள முதலமைச்சர்கள் இருவரும் ஒரே மேடையில் நின்று தோள்சீலைப் போராட்டத்தின் 200-ஆம் ஆண்டை நினைவுகூர்ந்தார்கள். அந்த நினைவுகூரல் மேடையில் நடப்பது அவசியம்தான். ஒரு பெண்ணின் கழுத்தளவை அவளிடமே கேட்டு எழுதுகிற குறிப்பேட்டிலும் அது நடக்கிறது என்பதே என் எண்ணம்.

அங்கே தைக்க வருகிறவர்களைப் பார்த்தாலே மாவட்டத்தின் பல வழக்கங்களும் ஒரே அறையில் தெரியும். திட்டுவிளை, தக்கலைப் பக்கத்து இஸ்லாமியப் பெண்கள், மணிக்கட்டு வரை கையும் கழுத்தை ஒட்டிய பட்டியும் வைத்துக் கேட்கிறார்கள். அந்த நீளக் கையில் சின்ன மணிகளும் நூல் வேலையும் வைத்து, அணிந்திருப்பவர் ரசிக்கும்படி செய்து தருகிறார் அக்கா. குளச்சல், முட்டம் பக்கத்திலிருந்து சந்தைக்கு மீன் கொண்டுபோகும் பெண்கள், வியர்வையை உறிஞ்சுகிற தடித்த பருத்தியில், கையை வீசி வேலை செய்வதற்கு வசதியாகத் தைத்து வாங்குகிறார்கள். முந்திரி ஆலையில் வேலை செய்கிற ஒரு பெண், வேலைக்கு உடுத்துகிற பிளவுஸுக்கும் தமக்குப் பிடித்த வாடாமல்லி நிறத்தில் பைப்பிங் வைக்கச் சொல்லி வற்புறுத்தினார். ஆலையில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று கூட வந்தவர் கேட்டதற்கு, “நான் பாப்பேன் மைனி” என்றார். அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்தது. பழைய ஜம்பர் மாதிரியே வேண்டும் என்று கேட்டு வருகிற எண்பது வயதுப் பாட்டிமாருக்கும் அதேபோல், முன்பக்கம் நீளமாகவும் கை முழங்கைக்குச் சற்று மேலாகவும், ஒரு மாற்றமும் செய்யாமல் தைத்துக் கொடுக்கிறார்கள். புதுமையை யார் மீதும் திணிப்பதில்லை.

புது வழக்கங்களில் இப்போது அதிகம் கேட்கப்படுபவை பஃப் கை, காலர் கழுத்து, படகு வடிவக் கழுத்து, முழங்கை வரை நீளும் கை ஆகியவை. அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய குடும்பப் புகைப்படங்களில் இருக்கிற பஃப் கையை, அந்தப் புகைப்படத்தைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு வந்து காட்டிக் கேட்கிற இளம்பெண்கள் பலர். விளம்பரத்தில் வருகிற மாதிரியைக் கேட்பதைவிட, தன் வீட்டுச் சுவரில் தொங்குகிற புகைப்படத்தில் பாட்டி அணிந்திருக்கிற பஃப் கையைக் கேட்பதில் ஓர் உறவு இருக்கிறது. அந்தக் கைக்கு விறைப்பான பருத்திதான் நிற்கும், வழுக்குகிற துணியில் தொய்ந்துவிடும் என்று துணியைப் பார்த்தவுடனே சொல்லிவிடுகிறார் அக்கா. நடக்காததை நடக்கும் என்று சொல்லிப் பணம் வாங்குவதில்லை.

ஓணத்துக்கு உடுத்துகிற, கசவு என்னும் பொன்சரிகைக் கரை போட்ட வெளிர்நிறச் செட்டுச்சேலையின் பிளவுஸ் இந்தத் தையலகத்தின் சிறந்த வேலை என்பேன். 1956 நவம்பர் 1 அன்று நாம் தமிழ்நாட்டோடு இணைந்தோம். ஆயினும் ஓணம் வந்தால் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை உண்டு, தமிழ் பேசும் வீடுகளிலும் பலராமபுரம் கைத்தறிச் சேலைகள் வெளியே வரும். கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் முண்டும் நேரியலும் (வேட்டியும் மேல்துண்டும்) உடுத்துகிற முதியவர்களை இன்றும் பார்க்கலாம். இதைப் பார்த்துவிட்டு நாம் தமிழரா மலையாளிகளா என்று கேட்கிற வெளியூர்க்காரர்கள் உண்டு. இரண்டு நாட்டு வழக்கங்களும் கலந்த ஊரில் பிறந்தவர்கள் நாம். அதை ஒளிக்கவோ ஒன்றை விட்டுவிடவோ அவசியமில்லை. செட்டுச்சேலையின் உடல் முழுவதும் வெறுமையாக, கரையில் மட்டும் கசவு இருப்பதால், பிளவுஸில் எது செய்தாலும் கண்ணுக்கு முதலில் தெரியும். சுவரோவிய அச்சுத் துணியில் தைப்பது சில காலமாகப் பரவலாக இருக்கிறது. கிருஷ்ணர் முகமும் மயில் தோகையும் முதுகில் சரியாக நடுவில் விழும்படி வெட்டுவது எளிதல்ல, இங்கே அது பிசகாமல் வருகிறது. நான் தைத்தது அதே சேலை நிறத்தில், சேலையிலிருந்து வெட்டிய கசவைக் கையின் விளிம்பில் மட்டும் வைத்த, காலர் வைத்த பிளவுஸ். வெளுக்காத நூலில் நெய்த துணிக்குள் தூய வெள்ளை லைனிங் கொடுத்தால் உள்ளிருந்து வேறு நிறம் தெரியும் என்று, சந்தன நிற லைனிங் தேடி வாங்கிப் போட்டிருந்தார்கள். கரையின் கோடு இரண்டு கைகளிலும் ஒரே உயரத்தில் நிற்கிறது.

தேவாலயக் கல்யாணத்துக்கான வெள்ளை பிளவுஸ்களில் எனக்கு முழு நிறைவு இல்லை. வலைத்துணியும் இயந்திரத்தில் பின்னிய பாலியஸ்டர் லேஸும் வைத்துத் தைக்கிறார்கள். தையல் சுத்தமாக இருக்கிறது, ஆனால் எந்த ஊரிலும் கிடைக்கக்கூடிய பிளவுஸ் அது. லேஸ் பின்னலுக்குப் பெயர்பெற்ற நகரத்தில் இது போதாது. மார்த்தா மால்ட் அம்மையார் 1820-களில் நாகர்கோவில் பெண்கள் விடுதிப்பள்ளியில் கற்றுக்கொடுத்த அந்தப் பின்னல், திண்டில் ஊசிகளை ஊன்றி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு, அங்குலம் அங்குலமாக வளர்வது. மேலாடை மறுக்கப்பட்ட காலத்தில், அதே ஊர்ப் பெண்கள் உலகத்தின் மிக நுண்ணிய ஆடை அலங்காரங்களில் ஒன்றைத் தங்கள் கையால் செய்து விற்றுக் கூலி பெற்றார்கள். அந்தக் கூலியே பலருக்கு அவர்கள் கையில் தங்கிய முதல் வருமானமாக இருந்திருக்கும். எங்கள் குடும்பத்தில் மிஞ்சிய பழைய கைலேஸ் துண்டு ஒன்றை, என் அக்காள் மகளின் கல்யாண பிளவுஸில் கழுத்தோரம் வைத்துத் தர முடியுமா என்று கேட்டேன். தையலக அக்கா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. துண்டை வெளிச்சத்தில் பிடித்து, எங்கெங்கே நூல் நலிந்திருக்கிறது என்று பார்த்து, மறுநாள் வரச் சொன்னார். பிறகு இயந்திரத்தில் கொடுக்காமல், மெல்லிய வலைத்துணியில் அதைக் கையால் பொருத்தி, பிளவுஸில் தளர்வாகத் தைத்து, வேண்டும்போது பிரித்து எடுத்து வேறு உடையில் வைக்கும்படி செய்து கொடுத்தார். இவ்வளவு தெரிந்தவர், வருகிற மணப்பெண்களிடம் உங்கள் வீட்டில் பழைய லேஸ் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கலாம். கழுத்தைப் பற்றிக் கேட்கிறவர் இதைக் கேட்பதில்லை.

பக்கத்திலேயே கோயில் நகை செய்கிற பட்டறைகள் இருப்பதில் ஒரு வசதி உண்டு. வடசேரியில் செய்யப்படும், சிவப்புக் கெம்புக்கல் பதித்த அந்த நகைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பரதநாட்டியம் ஆடுகிறவர்களுக்காக வாங்கப்பட்டவை இப்போது மணமகள்களின் கழுத்துக்கும் வந்துவிட்டன. நகையைக் கையோடு கொண்டுபோய்க் கழுத்தில் வைத்துக் காட்டினால், அட்டிகை எந்த இடத்தில் உட்காரும் என்று குறித்துக்கொண்டு அதற்குக் கீழே கழுத்தை வெட்டுகிறார். நகையை வாங்காமல் வாடகைக்கு எடுப்பவர்கள், முன்கூட்டியே ஒரு புகைப்படமாவது காட்டுவது நல்லது.

ஆரி வேலையில் சில குறைகள் இருக்கின்றன. எளிய நூல் வேலையும் மணி வேலையும் இங்கேயே சட்டத்தில் கட்டிச் செய்கிறார்கள். உலோகச் சரிகை இழைகளால் செய்யும் கனமான ஜர்தோசி வேலையை வெளியே கொடுத்து வாங்குகிறார்கள். வெளியிலிருந்து வருவதில் சில கற்கள் தைக்கப்படாமல் பசை வைத்து ஒட்டப்பட்டிருந்தன, இரண்டாம் சலவையில் அவை உதிர்ந்துவிட்டன. எதை இங்கே செய்கிறார்கள், எது வெளியே போகிறது என்பதைத் துணி கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்கள், ஆனால் கேட்கத் தெரியாதவர்கள்தான் அதிகம்.

உடுத்திப் பார்க்கும் இடம் போதாது. மூலையில் திரை போட்ட சிறிய இடமும் மார்பளவுக் கண்ணாடியும்தான் உண்டு. முதுகைப் பார்ப்பதற்கு வழியில்லை. முதுகில்தான் இன்று பாதி வேலைப்பாடு இருக்கிறது என்பதால் இதைச் சிறிய குறையாகக் கருத முடியாது.

நாள் தவறுவதும் உண்டு. கோட்டாறு சவேரியார் திருவிழா நவம்பர் 24-இல் தொடங்கி டிசம்பர் 3 வரை நடக்கும், அதை ஒட்டி கிறிஸ்துமஸ் வந்துவிடும். அந்த வாரங்களில் சொன்ன நாளை நம்ப முடியாது. எனக்குக் கிறிஸ்துமஸுக்கென்று கொடுத்த பிளவுஸ் கிறிஸ்துமஸ் கழிந்த பிறகே கிடைத்தது. வருத்தம் தெரிவித்தார், கூலியைக் குறைத்தும் கொடுத்தார். ஆனால் பண்டிகைக்கு உடுத்த நினைத்ததைப் பண்டிகைக்குப் பிறகு உடுத்துவது வேறு. முடியாத வேலையை முதலிலேயே மறுத்துவிடுவதே நேர்மை.

இவற்றைவிட எனக்கு அதிகம் உறுத்துவது வேறொன்று. உடம்பு பருத்த பெண்கள் வரும்போது மட்டும், எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை அக்கா சற்று மாற்றிவிடுகிறார். “கை கொஞ்சம் நீளமா வச்சிருவோமா, நல்லா இருக்கும்” என்று தாமே தொடங்கிவிடுகிறார். அதில் கேலி சிறிதும் இல்லை. அக்கறையோடுதான் சொல்கிறார், பலர் நன்றி சொல்லி ஏற்றுக்கொள்ளவும் செய்கிறார்கள். ஆனால் கை தடித்திருந்தால் மறைக்க வேண்டும், வயிறு தெரிந்தால் முன்பக்கத்தை இறக்க வேண்டும் என்ற முடிவை யார் எடுத்தது? கையில்லாத பிளவுஸ் தைக்க ஆசையோடு வந்த ஒருவர், அந்தப் பேச்சைக் கேட்டபின் வாய் திறக்காமல் முழங்கைக் கைக்கு ஒப்புக்கொண்டதை நான் அருகிலிருந்து பார்த்தேன். பிறகு தனியாக இருக்கும்போது அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை; “மத்தவங்க அவங்கள ஏதாவது சொல்லிரக் கூடாதேன்னுதான் மக்களே” என்றார். அவர் மனம் எனக்குப் புரிகிறது. ஆயினும் ஊர் என்ன சொல்லும் என்பதை முன்கூட்டியே நினைத்து அளவைக் குறிப்பதும் அந்தப் பெண்ணைக் கேட்காமல் குறிப்பதுதான். “உனக்கு எது வேணும்” என்ற அவருடைய கேள்வியை எந்த உடம்புக்கும் மாற்றாமல் கேட்டால், மாவட்டத்தில் இதற்கு இணையான தையலகம் இல்லை என்று தயக்கமின்றி எழுதுவேன்.

கூலி நியாயமாகவே இருக்கிறது. லைனிங் இல்லாத சாதாரண பருத்தி பிளவுஸுக்கு 250 ரூபாயும், லைனிங் வைத்ததற்கு 500 ரூபாயும், மார்பின் மேல் நீளவாக்கில் தையல் வரும் பிரின்சஸ் கட்டுக்கு 650 ரூபாயும் வாங்குகிறார்கள். லைனிங் துணியின் விலையும் இதில் அடங்கும். சுவரோவிய அச்சு, காலர், பஃப் கை ஆகியவற்றுக்கு வேலையைப் பார்த்துச் சற்றுக் கூடும். ஆரி வேலைக்கு நிலையான விலை இல்லை. மாதிரித் துண்டில் ஒரு பூ போட்டுக் காட்டச் சொல்லி, அதன் விலையைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது பாதுகாப்பானது. ஒரு வருடத்துக்குள் உடம்பு மாறித் தையலைப் பிரித்துவிடக் கொண்டுபோனால் கூலி வாங்குவதில்லை. ஓணத்துக்கு வேண்டுமென்றால் ஆடி முடிவதற்குள்ளும், கிறிஸ்துமஸுக்கு வேண்டுமென்றால் அக்டோபர் நடுவிலும் துணியைக் கொடுத்துவிட வேண்டும். பழைய ஜாக்கெட்டை மட்டும் வேறொருவர் கையில் கொடுத்தனுப்பினால் அக்கா துணியை வாங்கிக்கொள்வதில்லை. உடுத்தப்போகிறவர் நேரில் வர வேண்டும். வளைகுடா நாடுகளில் செவிலியராக இருக்கிறவர்களுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. அவர்கள் ஊருக்கு வந்திருந்தபோது எடுத்த அளவுகள் குறிப்பேட்டில் தனிப்பக்கங்களில் இருக்கின்றன, கழுத்தையும் கையையும் காணொளி அழைப்பில் அவர்களிடமே கேட்டுக்கொண்டு வெட்டுகிறார்கள்.